இரண்டாம் சனி, ஒன்பது மணிவரை

செக்காலை சாலையில் ரபீக்காவின் ஜெராக்ஸ் கடை
பத்து மணிக்குத்தான் திறக்கும்.
எட்டரைக்கே பாதி ஷட்டருக்குள் குனிந்து நுழைகிறோம்,
மின்னஞ்சலில் மடல் அனுப்புகிற ஆறு பேர்.
காரைக்குடியில் இப்படி ஆறு பேர் இருப்பது
எங்கள் வீட்டாருக்கே தெரியாது.

தேவகோட்டை சகாயராணி
குவைத் போகும் செவிலியருக்கு எழுதுகிறாள்,
எந்தத் தாளில் அவசரப்பட்டுக்
கையெழுத்துப் போடக்கூடாதென்று.
முத்துக்கருப்பனுக்கு ஆழ்துளைக் கிணறு:
எத்தனையாவது அடியில் ஈரம், எத்தனையாவது அடியில் வெறும் புழுதி.
ரபீக்கா ஜிஎஸ்டி. அவள் எழுதினால் அதிலும் சிரிப்பு வரும்.
பூவேந்தன் இன்னும் ஒரு மடலும் அனுப்பவில்லை.
பெயர் மட்டும் வைத்திருக்கிறான்,
நான்கு தடவை மாற்றிவிட்டான்.

நான் மின்தடை.
மாதாந்திரப் பராமரிப்பு, கோட்டையூர், பள்ளத்தூர்,
காலை ஒன்பது முதல் மாலை ஐந்து.
அதன் கீழே எனக்கென்று மூன்று வரி.
போன மாதம், கிரைண்டரில் பாதி அரைபட்டு நின்ற மாவு
யாருக்காகக் காத்திருக்கிறது என்று.
அந்த மூன்று வரிக்காகத்தான் மேலே உள்ள மின்தடை.
இதை யாரிடமும் சொன்னதில்லை.

பேச்சு எப்போதும் எண்ணில்தான் தொடங்கும்.
திறந்தவர் எத்தனை, விலகியவர் எத்தனை,
தலைப்பில் ‘அவசரம்’ போட்டால் ஸ்பேமில் விழுமா.
விலகியவர் பெயரைப் பார்க்காதே என்று
எல்லோரும் எல்லோருக்கும் சொல்வோம்.
எல்லோரும் பார்ப்போம்.
முத்துக்கருப்பனை விட்டு விலகியது அவர் மைத்துனர்.
பொங்கலுக்கு எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

இன்று அடைக்கப்பன் முறை.
வக்கீல் குமாஸ்தா. ஒரே வீட்டுக்கு அறுபத்துமூன்று பங்காளிகள்,
அவர்களுக்கு வாய்தாத் தேதி எழுதுவார்.
ஒருவரோடொருவர் பேசாத அறுபத்துமூன்று பேரும்
அதை ஒரே கால்மணி நேரத்தில் திறப்பார்கள்.
எங்களுக்குப் பொறாமைதான்.

போன வாரம் தூக்கக் கலக்கத்தில்
மறைக்கவேண்டிய முகவரிகளை எல்லாம்
பெறுநர் வரிசையில் பட்டப்பகலாய்ப் போட்டுவிட்டார்.

“முதல்ல திட்டுத்தான் வந்துச்சு.
அப்புறம் ஈப்போ கேட்டுச்சு, ரெண்டாங்கட்டுச் சாவி யாருகிட்ட?
அம்பத்தூர் சொல்லுச்சு, உன்கிட்டன்னுல்ல நெனச்சேன்.
டல்லாஸ்லேருந்து ஒரு போட்டோ வந்துச்சு. சாவி.
நூத்தி நாப்பது பதில்.
தேதியெல்லாம் இப்ப அவங்களே பேசிக்கிறாங்க.
முப்பத்தெட்டுப் பேர் என்னைய விட்டு விலகிட்டாங்க.”

“இது தோல்வியாண்ணே?” என்றாள் சகாயராணி.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
“எண்ணிக்கைப்படி, ஆமா.”

“மிச்சம் இருபத்தஞ்சு பேரக் கேளுங்க, எதுக்கு இருக்கீங்கன்னு”
என்றாள் ரபீக்கா.
“கேட்டேன். ஒருத்தர்தான் பதில் போட்டார்,
விலகுற பட்டன் எங்க இருக்குன்னு.”

சிரித்துக்கொண்டிருக்கும்போதே
தலைக்கு மேல் மின்விசிறி தளர்ந்து
மூன்று இறக்கையும் தனித்தனியாய்த் தெரிந்தன.

“ஐயோ, கரண்ட்டு! பத்து மணிக்கு
ஆதார் பிரின்ட்டுக்கு வருவாங்களே!”
“சொல்லாமக் கொள்ளாம நிறுத்துறான்.”

லேமினேஷன் விலைப்பட்டியலை
மேலிருந்து கீழாய்ப் படித்துக்கொண்டிருந்தேன்.
புதன்கிழமையே அனுப்பியது.
செக்காலை, கல்லுக்கட்டி, முதல் வரியிலேயே.
தலைப்பில் அவசரம் என்று போடவில்லை.
ஐந்து பேரும் என் பட்டியலில் இருக்கிறார்கள்.
ஐந்து பேரும் ‘நல்லாயிருக்கு’ சொல்லியிருக்கிறார்கள்.
காலையில் கிளம்பும்போதே தெரியும்.
யாராவது சொல்கிறார்களா பார்ப்போம் என்று வந்தேன்.

அரை இருட்டில் ஒரு கைபேசி ஒளிர்ந்தது.
அடைக்கப்பன். கட்டைவிரலால் தள்ளித் தள்ளி,
தள்ளுபடிப் புடவைக்கும் வங்கிக் கடனுக்கும் நடுவிலிருந்து
என் மடலைத் தோண்டி எடுத்து,
ஊர்ப் பெயர்களைத் தாண்டி
மூன்று வரியையும் உதடசையப் படித்தார்.

“இது எல்லா மாசமும் இருக்குமா?”

இருக்கும் என்றேன்.
திறந்தவர் எண்ணிக்கை ஒன்று கூடியிருக்கும்.
பார்க்கவேண்டும்,
கரண்ட் வந்ததும்.